சுவர் பார்த்த நாற்காலி

சிவகிரிக்குப் போய்விட்டு வந்து நாலு நாள் ஆகிறது. அன்றிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. நடந்தால் எதற்கு நடக்கிறோம் என்று தோன்றுகிறது. மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான் நடக்கிற சத்தம் கேட்டு, கீழே இருந்து என் சம்சாரம், "என்னத்தத் தொலைச்சிய?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். எழுதித் தீர்த்தாலாவது கால் நிற்குமா பார்ப்போம் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. பத்து வயதில் அடுத்தவன் தறிக்குத் தார்க் குச்சியில் நூல் சுற்றப் போனேன். இன்றைக்குச் சங்கரன்கோவிலில் வந்து இறங்கி, 'நாற்பத்தெட்டுத் தறிக்காரர் வீடு' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வேறெதுவும் கேட்காமல் என் வாசலில் கொண்டுவந்து விடுவார். அந்த நாற்பத்தெட்டில் ஒன்றுகூட அப்பன் வைத்துவிட்டுப் போனதில்லை. இதை நான் சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் இது என் கதை இல்லை. என் தறி செட்டில் பத்தொன்பது வருடம் பிட்டராக இருந்த ஒருவரின் கதை. பெயர் எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஊருக்குள்ளும் அவர் பிட்டர்தான். தறியில் எங்கே என்ன கோளாறு என்றாலும் ஸ்பேனரோடு வந்து நிற்கிற ஒல்லியான ஆள். காதில் எப்போதும் பஞ்சு.

தறி செட்டுக்குள் போகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தெட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கத்துவதே இல்லை. சத்தமில்லாமல் வாயை மட்டும் அகலமாக அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இந்தக் கோடியில் நிற்கிற பெண்ணும் அந்தக் கோடியில் நிற்கிற பெண்ணும் மாமியார் சண்டை முழுவதையும் இப்படியே பேசி முடித்துவிடுவார்கள். எனக்கும் தெரியும். தார் சுற்றின வயதிலேயே படிந்துவிட்டது.

ஆனால் பிட்டருக்கு இருந்தது வேறு மாதிரி. எங்களுக்கெல்லாம் முகத்துக்கு நேரே பேச வேண்டும். அவருக்குப் பக்கவாட்டில் பாதி உதடு தெரிந்தால் போதும். வெற்றிலை மென்றுகொண்டே பேசினாலும் விடமாட்டார். தடித்த மீசை என்றாலும் தப்பிக்க முடியாது. செட் ஜன்னலில் நின்றுகொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஒருவன் என்ன கேட்கிறான் என்று சொல்லிவிடுவார். அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பரீட்சை வைத்ததற்காக ஒரே ஒரு நாள் சொன்னார். அதன் பிறகு சொன்னதில்லை.

அதுதான் அவர் குணம். கண்ணால் கேட்டதை வாயால் சொல்ல மாட்டார்.

டீக்கடைக்குப் போனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் குடிப்பார். கல்யாண வீட்டிலும் அப்படித்தான். சாமி கோபம் போல இருக்கிறதே என்று ஆரம்பத்தில் நான் கிண்டல் செய்வேன். ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன். சுண்ணாம்பு உதிர்கிற அந்தச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"காதை மூட முடியாது அண்ணாச்சி. கண்ணைத் திருப்பிக்கிடலாம்லா."

ஒருமுறை நூல் வியாபாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். பேசி முடித்து வெளியே போய், வண்டிப் பக்கத்தில் நின்று தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிட்டர் ஜன்னலில் நின்றிருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். வெயில் அதிகம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றார். வந்து இறங்கிய நூல் ஈரம். தறிக்குத் தறி அறுந்து விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "என்கிட்ட சொல்லலியே அண்ணாச்சி. அவிய அவியளுக்குள்ள பேசினாவ" என்றார். அப்புறம் அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குப் போகாமல், ஒவ்வொரு தறியாக உட்கார்ந்து, அந்த வீணாய்ப் போன நூலையும் ஓட வைத்தார். நான் என்ன செய்ய? திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஒரு நாள் காலையில் பதினோராம் தறி நின்றது. பெல்ட் போய்விட்டது, நாளைக்குத்தான் ஓடும் என்று பிட்டர் சொல்ல, அதை ஓட்டுகிற பெண் வீட்டுக்குப் போய்விட்டாள். மதியம் நான் போய்ப் பார்த்தேன். பெல்ட் கல்லு மாதிரி நன்றாக இருந்தது. விசாரித்ததில், அந்தப் பெண் காலையில் பக்கத்துத் தறிக்காரியிடம், பிள்ளைக்குக் காய்ச்சல், தனியாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், முதலாளியிடம் லீவு கேட்கப் பயமாக இருக்கிறது என்று வாயசைத்திருக்கிறாள். பிட்டர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அவ்வளவுதான்.

என் மகளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிவிட்டாள். மைக்கில் சொல்லியாயிற்று, போலீஸ்காரரிடம் சொல்லியாயிற்று. நான் தெற்கு ரத வீதியில் பைத்தியக்காரன் மாதிரி கத்திக்கொண்டு ஓடினேன். பிட்டர் கத்தவில்லை. ஒரு கடை மாடியில் ஏறி நின்று, அத்தனை ஆயிரம் தலைக்கு நடுவில், 'அப்பா' என்று அசைகிற ஒரு சின்ன வாயைத் தேடியிருக்கிறார். அரை மணி நேரத்தில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அவள் அவருக்குத் தனி. மாமா மாமா என்று செட்டே கதியாகக் கிடப்பாள். இரண்டு பேரும் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சத்தமில்லாமல் பேசிக்கொள்வார்கள். பிள்ளை விளையாட்டு என்று நான் கவனித்ததில்லை.

இனிதான் பாண்டிச்சேரி.

பதினொரு வருடம் இருக்கும். மகள் பி.காம். முடித்திருந்தாள். சி.ஏ. படிக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் ஒரு தடவை சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் என் மைத்துனர் ஒரு வரன் கொண்டுவந்தார். பூர்வீகம் நம் பக்கம், இரண்டு தலைமுறையாகப் பாண்டி. பையனின் தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். பையன் இன்ஜினியர். வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய், பிறகு சரிவரவில்லை என்றால் தெருவே பேசும். அதனால் நாங்கள் மூன்று நாள் பாண்டிக்குச் சுற்றுலா போவது, அங்கே ஒரு ஓட்டலில் தற்செயலாகச் சந்திப்பது மாதிரி சந்தித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

பையனின் அம்மா போனில் இடத்தைச் சொன்னார். "நாங்க வழக்கமா சாப்பிடுற இடம்ணே. சின்னக் கடைதான். நல்ல பிரெஞ்சுச் சாப்பாடு. விலையும் கட்டுப்படியாகும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு முள்ளாகக் குத்திவிட்டது. யாருக்குக் கட்டுப்படியாகும்? கடற்கரையில் கண்ணாடி மாளிகை மாதிரி ஓட்டல் நிற்கிறது. அதை விலை கேட்கிற தெம்போடு நான் வருகிறேன். ஒன்று, இவர்கள் கஞ்சப் பயல்கள். இல்லை, நம்மை இவ்வளவுதான் என்று எடை போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் பிட்டரையும் காரில் ஏற்றினேன்.

திட்டத்தை விழுப்புரம் தாண்டித்தான் அவரிடம் சொன்னேன். வேறு மேசையில், எங்களுக்குத் தெரியாத ஆள் மாதிரி உட்கார வேண்டும். அவர்கள் தனியாகப் பேசும்போது என்ன பேசுகிறார்கள் என்று பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். பிட்டர் வெளிறிப்போனார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இது நம்மால ஆகாது."

பத்தொன்பது வருடப் பழக்கத்தை நான் எடுத்து வைத்தேன். இந்த ஒரு தடவை, என் பிள்ளைக்காக என்றேன். அவர் திரும்பி, பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சரி என்றார். என் பேச்சுக்கு மசிந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கிற தெரு. அதில் ஒரு வீட்டின் முன்கட்டுதான் கடை. எட்டு மேசை இருக்கும். வாசலில் காகிதப்பூ. மெனு கார்டெல்லாம் கிடையாது. ஒரு கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டைச் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். சூப், ஒரு பெரிய ஐட்டம், ஒரு இனிப்பு, எல்லாம் சேர்த்து ஒரே விலை. எங்கள் ஊரில் அளவுச் சாப்பாடு போர்டு வைக்கிற மாதிரி. இதற்கா ஐந்நூறு கிலோமீட்டர் காரில் வந்தோம் என்று பட்டது.

பிட்டருக்கு உள்ளே தள்ளி ஒரு தனி மேசை பிடித்தேன். பழக்க தோஷத்தில் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினார். நான் போய் அதை நேராகத் திருப்பி வைத்து, "இன்னைக்கு ஒரு நாள் சுவரைப் பாக்கக் கூடாது வே" என்று காதோரம் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் வந்தார்கள். அப்பா, அம்மா, பையன். அந்தம்மா என் சம்சாரத்துக்கு என்று ஒரு பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்திருந்தார். வெங்காய சூப் வந்தது. மேலே சீஸ் ஆடை மாதிரி மூடிக் கிடந்தது, ஸ்பூனால் குத்தி உடைக்க வேண்டும். சூப்புக்குக் கூடையில் நீள ரொட்டி. அப்புறம் பையன் ஒரு பெயர் சொன்னான், எனக்கு வாயில் நுழையவில்லை. பார்த்தால் நம்ம கத்திரிக்காய் தக்காளிக் கூட்டு, மிளகாய் இல்லாமல். ருசி குறைவில்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தோசை மாதிரி மெல்லிசாக ஒன்றை மடித்து, உள்ளே முட்டையும் சீஸும் வைத்துத் தந்தார்கள். அங்கே பிட்டர் ரொட்டியைப் பிய்த்து, தட்டைச் சுற்றித் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஷாப்டில் கிரீஸ் துடைப்பாரே, அதே கை.

நான் பேசினேன். தார் சுற்றினதிலிருந்து ஆரம்பித்தேன். முதல் இரண்டு தறி வாங்கினது, மோட்டார் எரிந்துபோய் மூன்று நாள் பட்டினி கிடந்தது, எல்லாம் சொன்னேன். பையன் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். மோட்டார் எப்படி எரிந்தது என்று நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்டான். என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் விடவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

இனிப்புக்கு முன்னால் அவன் அப்பாவும் அம்மாவும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். காகிதப்பூவுக்குக் கீழே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்கள். இதற்காகத்தானே வந்தோம் என்று நான் பிட்டரைப் பார்த்தேன். மனிதர் கதவைப் பார்க்கவில்லை. கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு எங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைத் தூக்கிக் கதவைக் காட்டினேன். அவர் கண் அசையவில்லை. அதற்குள் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த கேரமல் புட்டிங்கைத்தான் பார்க்கிறார், சாப்பாட்டு ராமன் ஆகிவிட்டாரே என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டேன்.

கை கழுவுகிற இடத்துக்கு எழுந்து போனேன். பின்னாலேயே வந்தார். தண்ணீரைத் திறந்துவிட்டு, என்னவென்று கேட்டேன். தயங்கினார். தேங்காய் உடைக்கிற மாதிரி சொல்லும் என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தம்மா சொல்லுதாவ அண்ணாச்சி. அந்தாளு வாயைத் தொறந்தா நாப்பத்தெட்டுத் தறி ஓடுத மாதிரி இருக்கு. பக்கத்துல இருக்க சொந்தப் பிள்ள பேசுதது அவருக்குக் கேக்குமான்னு."

தண்ணீரை மூடக்கூட இல்லை. நேராக மேசைக்குப் போனேன். எங்களுக்கு நேரமாகிவிட்டது என்றேன். புட்டிங்கில் யாரும் ஸ்பூன் வைக்கவில்லை. அந்தம்மா உள்ளே வந்து, "அண்ணே, என்ன ஆச்சு? நாங்க ஏதும்..." என்று கேட்டுக்கொண்டே நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஊறுகாய் பாட்டில் மேசையிலேயே கிடந்தது.

காரில் ஏறினதும் மகளிடம் கேட்டேன், என்னமோ படிக்கணும்னியே, என்னது அது என்று. சி.ஏ. அப்பா என்றாள். படி என்றேன். என் பிள்ளை பேசுவது எனக்குக் கேட்காதாமே, அந்தப் பொம்பளை ஊருக்கும் கேட்கிற மாதிரி அவளை ஆக்கிக் காட்டுகிறேன் என்று சபதம். முன் சீட்டில் பிட்டர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

படித்தாள். இன்றைக்குச் சென்னையில் ஆடிட்டர். கூடப் படித்த பையனையே கட்டிக்கொண்டாள், நானே முன்னால் நின்று செய்து வைத்தேன். இந்தப் பதினொரு வருடமும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் தின்று வளர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். ரோட்டரிக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன், பேங்க் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். பாண்டிச்சேரியில் ஒருத்தி இப்படிச் சொன்னாள், இப்போது பாருங்கள் என்று.

பிட்டரைத்தான் இழந்தேன். அந்த வருடத் தீபாவளி போனஸ் பேச்சு வந்தது. செட்டில் ஆட்கள் ஆங்காங்கே கூடி வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டால் வாயை மூடினார்கள். நான் பிட்டரைக் கூப்பிட்டு, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு வேகம் வந்துவிட்டது.

"அன்னைக்குப் பாண்டியில சொன்னீருல்லா? இன்னைக்குச் சொல்லுததுக்கு என்ன வே கேடு?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"அன்னைக்குச் சொன்னதுக்குத்தான் இன்னைக்கு இது வந்திருக்கு அண்ணாச்சி" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சிவகிரியில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் கடை போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அரை மணி, முக்கால் மணி நேர வழிதான். நான் போகவில்லை. நான் வளர்த்துவிட்ட ஆளுக்கு இவ்வளவு ரோஷமா என்று இருந்துவிட்டேன்.

இந்த மே மாதம் மகளும் மாப்பிள்ளையும் எங்களைப் பாண்டிக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் கடைக்கே போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மகள் இரண்டு முறை வேறு இடம் சொன்னாள். நான் கேட்கவில்லை. அதே கரும்பலகை. அதே ஒரே விலைச் சாப்பாடு, விலை மட்டும் ஏறியிருந்தது. சூப் வந்ததும் மாப்பிள்ளைக்குக் கதையை ஆரம்பித்தேன். அவர் ஏழெட்டு முறை கேட்டவர்தான், ஆனாலும் மரியாதையாகக் கேட்டார். மகள், ஒரு போன் பேச வேண்டும் என்று எழுந்து வாசலுக்குப் போனாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அதே காகிதப்பூவுக்குக் கீழே நின்று வீடியோ காலில் பேசினாள். காதில் ஒன்றும் வைக்கவில்லை. சத்தமும் இல்லை. வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக அசைத்தாள். தறி செட் பேச்சு. சென்னையில் ஆடிட்டராக இருக்கிற என் மகள் யாரிடம் இப்படிப் பேசுவாள்? எனக்குக் கதை நின்றுவிட்டது. நான் செட்டுக்குள் நின்று பேசி வருடங்கள் ஆகின்றன. அப்பாவுக்கு மறந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள் போல. என் வீட்டுப் பிள்ளையின் உதடு எனக்கு மறக்குமா?

"அதே கடைதான் மாமா" என்றாள். "ஆமா, அதேதான். அப்பா இன்னும் அந்தக் கதையத்தான் சொல்லிட்டு இருக்காரு." கண்ணைத் துடைத்தாள். "அன்னைக்கு இந்த வரன் வேண்டாம், படிக்கணும்னு நான் உங்களைப் பாத்து வாயசைச்சதுக்கு நீங்க பொய் சொன்னீங்க. அதுக்கு உங்க வேலை போச்சு. என்னால இங்க உக்காந்து சாப்பிட முடியல மாமா."

அப்புறம் அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அழுதபடியே சிரித்தாள்.

மாப்பிள்ளை, அப்புறம் அந்தம்மா என்ன சொன்னாங்க மாமா என்று எடுத்துக் கொடுத்தார். நான் இடறுகிற இடம் என்று நினைத்தார் பாவம். சூப் ஆறுது, குடிங்க மாப்பிள்ளை என்றேன். அந்தக் கதையை அன்று நான் முடிக்கவில்லை. மகள் வந்து உட்கார்ந்தாள். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. புட்டிங் வந்தது. என்னுடையதையும் அவள் பக்கம் தள்ளி வைத்தேன். என்னப்பா, சுகர் ஏறிடுச்சா என்றாள். ஆமா என்றேன்.

ஊருக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே கணக்குத்தான். மகள் மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தேன். பிட்டர் மேலும் வரவில்லை. குடைந்தது வேறு. அந்தம்மா சொல்லவில்லை என்றால் அந்த வாக்கியம் யாருடையது? பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்த பொம்பளை. தறி ஓடுகிற சத்தத்தை அவர் எங்கே கேட்டிருப்பார்? என்னிடம் இருப்பது நாற்பத்தெட்டு என்று நானே சொன்னேன், சரி. ஆனால் அது ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது என்பது உள்ளே நின்று வேலை பார்த்தவனுக்கல்லவா தெரியும்? இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு வருடம் ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் அதை மேடை போட்டுச் சொல்லிக்கொண்டு அலைந்தவன் நான்தான்.

மூன்று முறை சிவகிரிக்குக் காரை எடுத்துப் பாதியில் திருப்பிவிட்டேன். டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நாலாவது முறை டிரைவர் இல்லாமல், பஸ் ஏறிப் போனேன்.

கடைக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் கிடந்தது. தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்து, எழுந்து நின்று, வாங்க அண்ணாச்சி என்றார், நேற்றுச் சாயங்காலம் பார்த்தவர் மாதிரி. குரல் உயர்ந்து ஒலித்தது. காது அறவே போய்விட்டது, பேசினால் கேட்காது என்று டீக்கடைக்காரர் சொன்னார். வெளியே டிராக்டர் ஒன்று நின்று இரைந்துகொண்டிருந்தது. நான் சத்தத்தை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

எல்லாம் தெரிந்துபோச்சு வே என்றேன்.

எது என்று கேட்டார்.

"அந்தம்மா நெசமா என்ன சொன்னாவ?"

அவர் யோசிக்கவே இல்லை. "நான் பாக்கலியே அண்ணாச்சி. கதவுப் பக்கம் நான் திரும்பவே இல்ல."

அப்படியானால் அவர் என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கடையில் என் மகள் என்ன சொன்னாள் என்று அவர் அன்றும் என்னிடம் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அந்தம்மா என்ன சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நல்லபடியாகவே சொல்லியிருப்பாரோ என்னவோ. ஊறுகாய் பாட்டிலோடு நின்ற அந்த முகம் எனக்கு இப்போது அடிக்கடி வருகிறது.

ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அப்போ அந்த வார்த்தை? நாப்பத்தெட்டுத் தறி? அது யாரு சொன்னது வே?"

என் வாய் அசைந்து முடிகிற வரைக்கும் பார்த்தார். கடைசிச் சொல் வரைக்கும் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே உரக்கச் சொன்னார், அண்ணாச்சிக்கு ஒரு டீ, சீனி இல்லாம.

எனக்குச் சர்க்கரை வந்தது அவர் போன பிறகு. அதை யார் அவருக்குச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. பழசைக் கழித்துப் புதுத் தறி எட்டு இறக்கியது, மாடியில் ஒரு கட்டு எடுத்தது, மாப்பிள்ளை வாங்கின கார். ஒரு நாற்காலியை இழுத்து, அதையும் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்து முடிக்கிற வரை நான் வாயைத் திறக்கவில்லை.